தொண்டை அடைப்பானும் ரத்தம் சொல்லும் கணக்கும்

ஐதராபாத் நல்லகுண்டாவில் காய்ச்சல் ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். "கோரண்டி தவாகானா" என்று கேட்டாலும் அதே கட்டிடத்தைத்தான் காட்டுவார்கள். ஒட்டுநோய் கண்டவர்களைத் தனியே பிரித்து வைப்பதைக் குறிக்கும் "குவாரண்டைன்" என்ற ஆங்கிலச் சொல், உருதுவும் தெலுங்கும் பேசும் மக்களின் நாக்கில் புரண்டு "கோரண்டி" ஆகிவிட்டது. அரசாங்க ஏடுகளில் அந்த ஆஸ்பத்திரிக்கு சர் ரொனால்டு ராஸின் பெயர். 1897-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தாரே, அந்த ராஸ்தான்.

இந்த ஆஸ்பத்திரிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அது பெருமைப்படத்தக்கது அன்று. பல ஊர்களில் இளம் டாக்டர்கள் பாடப் புத்தகத்தில் மட்டுமே படித்துவிட்டுப் போகும் ஒரு நோயை, இங்குள்ள டாக்டர்கள் ஆண்டுதோறும் படுக்கையில் பார்த்து வந்திருக்கிறார்கள். தமிழில் தொண்டை அடைப்பான், தெலுங்கில் கண்டசர்ப்பி, ஆங்கில வைத்தியத்தில் டிப்தீரியா.

வியப்பு என்னவென்றால், இந்த நோய்க்கான தடுப்பு மருந்தை உலகுக்கு அனுப்பும் ஊர்களில் ஐதராபாத்தும் ஒன்று. 1953-ல் இங்கே தொடங்கப்பட்ட பயலாஜிகல் இ நிறுவனத்தின் தடுப்பூசிகள் பல நாடுகளுக்குப் போகின்றன. நோய் வந்தபின் கொடுக்கும் நச்சு முறிப்பு மருந்தைத் தயாரிக்கும் வின்ஸ் நிறுவனமும் ஐதராபாத்தைச் சேர்ந்ததே. மருந்து செய்கிற ஊரிலேயே நோய் ஏன் நீங்கவில்லை? இந்தக் கேள்விக்கு ரத்தத்தைச் சோதித்துத்தான் விடை காணவேண்டியிருந்தது. அந்த விடை, பிழைப்புக்காக ஊர் மாறி வந்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று.

கொல்வது கிருமி அல்ல, நஞ்சு

முதலில் லேசான காய்ச்சல், தொண்டை வலி. சளிதான் என்று வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். இரண்டு, மூன்று நாளில் தொண்டையின் உள்ளே சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் ஒரு சவ்வு படர்கிறது. துடைத்தால் வராது, பிய்த்தால் ரத்தம் கசியும். கழுத்து இருபுறமும் வீங்கி, காளையின் கழுத்தைப்போல் தடித்துவிடும். சவ்வு மூச்சுக் குழல் வரை இறங்கினால் குழந்தை மூச்சுக்குத் திணறும். "அடைப்பான்" என்று பெயர் வைத்தவர்கள் இதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் மூச்சு அடைப்பதோடு ஆபத்து முடிவதில்லை. தொண்டை ஆறி வரும் வேளையில், ஒன்றிரண்டு வாரம் கழித்து, இதயம் தளர்ந்துபோவது உண்டு. சிலருக்கு உள்நாக்கும் மேலண்ணமும் செயலிழந்து, குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்துவிடும். பேச்சு மூக்கால் பேசுவதுபோல் ஆகிவிடும். தொண்டையில் இருக்கும் கிருமிக்கும் மார்பில் இருக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

1883-ல் கிளெப்ஸ் என்பவர் இந்தக் கிருமியை முதலில் பார்த்தார். 1884-ல் லோப்ளர் அதைத் தனியே பிரித்து வளர்த்தார். கிருமி தொண்டையை விட்டு நகர்வதில்லை. ஆயினும் தூரத்து உறுப்புகள் கெடுகின்றன. ஆகவே அது ஏதோ ஒரு நஞ்சை அனுப்புகிறது என்று அவர் ஊகித்தார். 1888-ல் பாரிஸ் நகரில் ரூ, யெர்சின் என்ற இருவர் கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த நீரைப் பிராணிகளுக்குச் செலுத்தி, நோயின் கேடுகள் அப்படியே வருவதைக் காட்டினார்கள். ஊகம் மெய்யாயிற்று.

இந்த நஞ்சு உடம்பின் உயிரணுவுக்குள் புகுந்து, அங்கே புரதம் உண்டாகும் வேலையை நிறுத்திவிடுகிறது. ஓர் உயிரணுவைக் கொல்ல நஞ்சின் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலே போதும் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. இந்த நஞ்சைச் செய்யும் வித்தை கிருமியின் சொந்தச் சொத்தும் அல்ல. அதைத் தொற்றும் ஒரு நுண்ணிய வைரஸ் கொண்டுவந்து கொடுப்பது என்று 1951-ல் பிரீமன் கண்டார். அந்த வைரஸ் தொற்றாத கிருமி இந்த நஞ்சைச் செய்யாது. நோயைக் கண்டறியும் சோதனைகளைப் பற்றிப் பேசும்போது இது முக்கியமாகும்.

குதிரை தந்த மருந்து

நஞ்சு என்று தெரிந்ததும் முறிவைத் தேடினார்கள். 1890-ல் பெர்லினில் பேரிங் என்ற ஜெர்மானியரும் கிடசாட்டோ என்ற ஜப்பானியரும், நஞ்சைச் சிறுகச் சிறுகத் தாங்கிப் பழகிய பிராணியின் ரத்தத்தில் அந்த நஞ்சை முறிக்கும் பொருள் ஒன்று உண்டாவதைக் காட்டினார்கள். அந்தப் பிராணியின் ஊநீரை வேறொன்றுக்குச் செலுத்தினால் அதுவும் காப்பாற்றப்பட்டது. அந்தப் பொருளைத்தான் இப்போது எதிர்ப்பொருள், ஆன்டிபாடி என்கிறார்கள். வைத்தியத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் பேரிங்குக்குக் கிடைத்தது.

குதிரையின் ரத்தத்திலிருந்து இந்த ஊநீரை அதிக அளவில் எடுத்தார்கள். ஒரு புட்டி ஊநீரில் எவ்வளவு வீரியம் என்று தெரிந்தால்தானே எவ்வளவு கொடுப்பது என்று சொல்ல முடியும்? அந்த அளவைமுறையை எர்லிக் என்ற அறிஞர் 1897-ல் வகுத்தார். ராஸ் செகந்திராபாத்தில் கொசுவை அறுத்துப் பார்த்த அதே ஆண்டு. இன்றும் எதிர்ப்பொருளை "யூனிட்" கணக்கில் சொல்வது அந்த வழியில் வந்ததே.

1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் என்ற பனிசூழ்ந்த ஊரில் இந்த நோய் பரவியபோது, நாய்கள் இழுக்கும் வண்டிகளில் கை மாற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஐந்தரை நாளில் இந்த ஊநீரைக் கொண்டு சேர்த்தார்கள். அவ்வளவு அவசரத்துக்குக் காரணம் உண்டு. ரத்தத்தில் மிதக்கும் நஞ்சை மட்டுமே ஊநீர் முறிக்கும். உயிரணுவுக்குள் புகுந்துவிட்ட நஞ்சை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே முதல் நாள் கொடுத்தால் பிழைக்கும் குழந்தை, நாலாம் நாள் கொடுத்தால் பிழைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சிகிச்சை பெற்றாலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இறப்பதுண்டு. சின்னஞ்சிறு குழந்தைகளிடையே இது இன்னும் அதிகம்.

முத்தடுப்பு ஊசி செய்யும் வேலை

வந்தபின் முறிப்பதைவிட வருமுன் காப்பது மேல். பிரான்சில் கால்நடை வைத்தியரான காஸ்டன் ராமோன், 1923-ல் இந்த நஞ்சோடு பார்மலின் சேர்த்து இளஞ்சூட்டில் வைத்தால் அதன் கொல்லும் குணம் போய்விடுகிறது, ஆனால் உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளும் உருவம் மட்டும் அப்படியே இருக்கிறது என்று கண்டார். பல் பிடுங்கிய பாம்பு என்று சொல்லலாம். இதற்கு டாக்சாய்டு என்று பெயர். 1926-ல் இங்கிலாந்தில் கிளென்னி என்பவர், படிகாரம் சேர்த்தால் இதன் வேலை பன்மடங்கு கூடுவதைக் கண்டார். இன்றைய தடுப்பூசிகளிலும் அலுமினிய உப்பு இருப்பது இதனால்தான்.

இந்த டாக்சாய்டோடு கக்குவான் இருமல், ரண ஜன்னி இவற்றுக்கான மருந்துகளையும் சேர்த்ததே முத்தடுப்பு ஊசி எனப்படும் டி.பி.டி. இந்தியாவில் 1978-ல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தோடு இது பரவலாயிற்று. 1985-ல் திட்டம் மேலும் விரிந்தது. பின்னர் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கி, ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி குழந்தைகளின் முதல் மூன்று ஊசிகளின் இடத்தைப் பிடித்தது. அதிலும் டிப்தீரியா மருந்து உண்டு.

ஊசி உடம்பில் போனதும் என்ன நடக்கிறது? முதல் ஊசியில் உடம்பு பகைவனை அறிமுகம் செய்துகொள்கிறது. எதிர்ப்பொருள் சிறிதளவே உண்டாகும். இரண்டாவது, மூன்றாவது ஊசிகளில் அது பலமாக ஏறுகிறது. பிறகு மாதங்கள் ஆக ஆக இறங்குகிறது. ஒன்றரை வயதில் ஒரு ஊக்க ஊசி போட்டால் முன்னைவிட உயரமாக ஏறி, மெதுவாக இறங்குகிறது. ஐந்து வயதில் இன்னொன்று போட்டால் மேலும் நீண்ட காலம் நிற்கிறது. சேமிப்புக் கணக்கில் போட்ட பணத்தை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. ஊக்க ஊசிதான் மறுபடி போடும் பணம்.

உடம்புக்கு ஞாபகசக்தி உண்டே, நோய் வந்ததும் தானாக எதிர்ப்பொருள் செய்துகொள்ளாதா என்று கேட்கலாம். செய்யும், ஆனால் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். கிருமி தொற்றிய இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் நஞ்சு வேலையைத் தொடங்கிவிடுகிறது. எனவே இந்த நோயில், ரத்தத்தில் கைவசம் எவ்வளவு எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கும் கணக்கு.

ஊசி மருந்தைக் காக்கும் விதமும் இதில் சேரும். இது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டிய மருந்து. வெயிலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்துபோனாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்த புட்டியிலிருந்து போடும் ஊசி, அட்டையில் ஒரு குறியைத் தரும். ரத்தத்தில் போதிய எதிர்ப்பொருளைத் தராது.

ரத்தத்தை அளக்கும் விதங்கள்

ஒருவருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று அறிய 1913-ல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற குழந்தை வைத்தியர் ஒரு சுலப வழி கண்டார். முன்கைத் தோலில் மிகமிகச் சிறிதளவு நஞ்சை ஏற்றுவது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் நஞ்சு முறிந்து, தோலில் ஒன்றும் தெரியாது. இல்லாவிட்டால் சில நாட்களில் அந்த இடம் சிவந்து தடிக்கும். பல பத்தாண்டுகள் உலகமெங்கும் இந்த முறை நடந்தது. ஆனால் ஊசி குத்திக்கொண்டவர் சில நாள் கழித்துத் திரும்பி வந்து கையைக் காட்டவேண்டும். "ஆம், இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும். எவ்வளவு என்ற கணக்கு கிடைக்காது. நாளடைவில் ரத்தப் பரிசோதனைகள் அதன் இடத்தைப் பிடித்தன.

அவற்றில் உரைகல்லாகக் கருதப்படுவது, கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிரணுக்களைக் கொண்டு செய்யும் சோதனை. வீரோ என்ற இந்த உயிரணுக்கள் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. சோதிக்கவேண்டியவரின் ஊநீரைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் அளந்த நஞ்சைக் கலந்து, இந்த உயிரணுக்களின் மேல் விடுவார்கள். எதுவரை நீர்த்தபோது உயிரணுக்கள் பிழைத்தன என்று பார்த்து எதிர்ப்பொருளைக் கணக்கிடுவார்கள். நம்பகமான சோதனை, ஆனால் பல நாட்கள் பிடிக்கும். உண்மையான நஞ்சைக் கையாளவேண்டும். உயிரணுக்களை ஓயாமல் பேணவேண்டும். எல்லா ஆஸ்பத்திரியாலும் இது முடியாது.

1971-ல் பிறந்த எலைசா முறை இந்தச் சிரமத்தைக் குறைத்தது. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் டாக்சாய்டைப் படியவைத்திருப்பார்கள். அதில் ஊநீரை விட்டால், எதிர்ப்பொருள் இருந்தால் அது அடியில் பற்றிக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டு, எதிர்ப்பொருளைப் பற்றும் இன்னொரு பொருளை விடுவார்கள். அதோடு நிறம் தரும் நொதி ஒன்று ஒட்டியிருக்கும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு எதிர்ப்பொருள். யூனிட் தெரிந்த ஊநீரை அதே தட்டில் வைத்து ஒப்பிட்டு அளவைச் சொல்வார்கள். ஒரே நாளில் பலருடைய ரத்தத்தைப் பார்த்துவிடலாம்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. டாக்சாய்டில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் எல்லாம் நஞ்சை முறிக்கக்கூடியவை அல்ல. வீரோ சோதனை முறிக்கும் சக்தியை அளக்கிறது. சாதாரண எலைசா ஒட்டும் சக்தியை அளக்கிறது. எதிர்ப்பொருள் தாராளமாக உள்ளவரிடம் இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒத்துப்போகும். குறைவாக உள்ளவரிடம் எலைசா சற்று அதிகமாகக் காட்டி, இல்லாத தைரியத்தைக் கொடுத்துவிடும். எது குறைவு என்று தெரிந்துகொள்ளத்தான் சோதனை. அங்கேயே அது சறுக்கினால் என்ன பயன்? இந்தக் குறையை நீக்கவே, எதிர்ப்பொருளின் இரு கைகளிலும் டாக்சாய்டைப் பிடிக்கவைத்துப் பார்க்கும் எலைசா போன்ற திருத்திய முறைகள் உருவாயின.

எண்களின் பொருள் இதுதான். ஒரு மில்லிலிட்டர் ஊநீரில் எதிர்ப்பொருள் 0.01 யூனிட்டுக்குக் கீழே என்றால் பாதுகாப்பு இல்லை. 0.01 முதல் 0.1 வரை அரைகுறைப் பாதுகாப்பு. 0.1-ம் அதற்கு மேலும் என்றால் முழுப் பாதுகாப்பு. 1.0 யூனிட்டைத் தாண்டினால் அது பல ஆண்டுகளுக்கு நிற்கும் என்று எதிர்பார்க்கலாம்.

சென்னை ஆய்வு காட்டியது

சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த தேசியத் தொற்றுநோயியல் நிலையம் இருக்கிறது. டெங்கு காய்ச்சலைப் பற்றிய கணிப்புக்காக 2017-18-ல் 15 மாநிலங்களில் ரத்தம் சேகரித்திருந்தார்கள். அவற்றில் 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களின் ஊநீரை எடுத்து, டிப்தீரியா எதிர்ப்பொருள் எவ்வளவு என்று மனோஜ் முர்ஹேகர் முதலிய நிபுணர்கள் சோதித்தார்கள். எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ரத்தம். முடிவுகள் 2021-ல் வெளியாயின.

முழுப் பாதுகாப்பு உள்ளவர்கள் நூற்றுக்குச் சுமார் 30 பேர். அரைகுறைப் பாதுகாப்பு உள்ளவர்கள் சுமார் 60 பேர். பாதுகாப்பே இல்லாதவர்கள் சுமார் 10 பேர். பள்ளிக்கூட வகுப்பு ஒன்றில் 50 பிள்ளைகள் என்றால், 15 பேருக்குத்தான் முழுப் பாதுகாப்பு என்று ஆகிறது. 2018-ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்துக்குத் தெரிவிக்கப்பட்ட டிப்தீரியா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது எட்டாயிரத்து எழுநூறுக்கு மேல், இந்தியாவைச் சேர்ந்தவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஐதராபாத்தின் நிலையும் முன்பே ஆராயப்பட்டதுதான். 2003 முதல் 2006 வரை இந்த நகரில் டிப்தீரியா கண்டவர்களைப் பற்றி பித்ரகுண்ட, முர்ஹேகர், குப்தே முதலானோர் செய்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. நோய் கைக்குழந்தைகளைவிட 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களிடமே அதிகம் காணப்பட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், முஸ்லிம் மக்களிடமும் கூடுதலாக இருந்தது. நான்கும் அதற்கு மேலும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தடுப்பு மருந்து நன்றாக வேலை செய்திருந்தது. ஆனால் ஊக்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் நகரிலேயே குறைவு. முஸ்லிம் குடும்பங்களில் இன்னும் குறைவு. கிருமிக்கு மதம் தெரியாது. நான்காவது, ஐந்தாவது ஊசி எந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லையோ அந்த வீட்டுக்கு அது போகிறது.

பழைய நாளில் கிருமி ஊரெங்கும் உலவியது. பிழைத்தவர்களின் உடம்பில் அது அடிக்கடி பட்டு, ஊக்க ஊசியின் வேலையைத் தானே செய்துவிட்டது. தடுப்பூசியால் கிருமியின் நடமாட்டம் குறைந்தபின் அந்த இலவச ஊக்கம் இல்லை. குழந்தைப் பருவத்து மூன்று ஊசியோடு நிறுத்தியவர்கள் பள்ளிப் பருவத்திலும் அதன் பிறகும் வெறுங்கையோடு நிற்கிறார்கள். 1990-களில் சோவியத் நாடுகளில் நிர்வாகம் குலைந்து தடுப்பூசி தடைப்பட்டபோது, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் கண்டது. சுமார் 5,000 பேர் மாண்டார்கள். அவர்களில் வயது வந்தவர்கள் ஏராளம்.

நோய் கண்டவருக்கு ரத்தம் மட்டும் போதாது

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது அவசியம். எதிர்ப்பொருள் சோதனை பாதுகாப்பைக் காட்டும் சோதனை. நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரிந்தால், அது ஊசியால் வந்ததா, கிருமியால் வந்ததா என்று அது சொல்லாது. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு அதனால் ஓரளவு துணை உண்டு. நச்சு முறிப்பு மருந்து கொடுப்பதற்கு முன்பு எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் மிகக் குறைவாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். தாராளமாக இருந்தால் கடுமையான டிப்தீரியாவாக இருக்க வாய்ப்புக் குறைவு. அவ்வளவுதான்.

நோயை உறுதி செய்வது தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியில்தான். சவ்வின் ஓரத்திலும் அடியிலும் தொட்டு எடுக்கவேண்டும். கிருமிக்கொல்லி மருந்து தொடங்குமுன் எடுப்பது நல்லது. அதைத் தனி உணவில் வளர்த்தால் கிருமி தெரியும். அத்தோடு ஆயிற்றா? இல்லை. நஞ்சு செய்யாத கிருமியும் உண்டு என்று முன்னே பார்த்தோமே. 1940-களின் கடைசியில் எலெக் என்பவர் வகுத்த முறையில், நச்சு முறிப்பு ஊநீரில் நனைத்த காகிதத் துண்டைக் கூழ்த் தட்டில் பதித்து, குறுக்கே கிருமியைக் கோடிட்டு வளர்ப்பார்கள். கிருமி நஞ்சு கக்கினால், நஞ்சும் ஊநீரும் சந்திக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றும். ஓரிரு நாளில் விடை கிடைக்கும்.

பி.சி.ஆர். முறையில் நஞ்சுக்கான மரபணு இருக்கிறதா என்று சில மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆயினும் மரபணு இருந்தும் நஞ்சு செய்யாத கிருமிகள் சில உண்டு. ஆகவே எலெக் சோதனையை இன்னும் கைவிடவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, டாக்டர் எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திருக்கக்கூடாது என்பது. சவ்வைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் நச்சு முறிப்பு மருந்தை உடனே தொடங்கவேண்டும். சிலருக்குக் குதிரை ஊநீர் ஒத்துக்கொள்ளாது என்பதால் அதை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுப்பார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் கிருமிக்கொல்லி மருந்தும், தேவையானால் ஊசியும் உண்டு. நோயிலிருந்து தேறியவருக்கும் ஊசி வேண்டும். நோய் வந்துபோனதே போதும் என்று இருக்க முடியாது.

இடம் பெயரும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

முதல் மூன்று ஊசிகள் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் முடிந்துவிடும். தாய்வீட்டில் பிரசவம், அங்கேயே ஊசி, ஒழுங்காக நடக்கும். பிறகு தகப்பனுக்கு வேலை ஐதராபாத்தில். லாலாகுடாவிலோ மல்காஜ்கிரியிலோ வாடகை வீடு. ஒன்றரை வயது ஊசிக்கு நாள் வரும்போது அட்டை திருநெல்வேலியிலோ வேலூரிலோ இருக்கும். ஐந்து வயது ஊசியின்போது இன்னொரு வீட்டு மாற்றம். ஊர் நர்ஸின் ஏட்டில் பெயர் இல்லை. இங்குள்ள நர்ஸின் ஏட்டிலும் ஏறவில்லை. இரண்டு ஏடுகளுக்கும் நடுவே விழும் குழந்தைதான் பத்து வயதில் வெறுங்கையோடு நிற்கும் குழந்தை.

அட்டை தொலைந்தால் ரத்தம் சோதித்துப் பார்த்துத்தான் ஊசி போடவேண்டுமா? வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை ஆராய்ச்சிக்கும் நாட்டுக் கணிப்புக்கும் உதவுவது. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு ஊசியே சுலபம், மலிவும்கூட. அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். எந்த மாநிலத்தில் பிறந்தாலும், அட்டை எந்த மொழியில் இருந்தாலும் கேட்டுப் பெறலாம். விட்டுப்போன இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்க அவசியம் இல்லை. ஏழு வயது வரை டி.பி.டி.; அதற்குமேல் பெரியவர்களுக்கான அளவில் டிப்தீரியா மருந்து குறைத்துச் சேர்த்த ஊசி.

அந்தப் பெரியவர் ஊசியின் பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. காலில் ஆணி குத்தினால் போட்டுவந்த, ரண ஜன்னிக்கு மட்டுமான ஊசி டி.டி. ரண ஜன்னியோடு டிப்தீரியாவும் சேர்ந்த ஊசியையும் டி.டி. என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் ஒன்றுதான். கர்ப்பிணிகளுக்கும் 10 வயது, 16 வயதுப் பிள்ளைகளுக்கும் பல ஆண்டுகள் பழைய டி.டி.யே போடப்பட்டது, அதில் டிப்தீரியா மருந்து இல்லை. அண்மை ஆண்டுகளில்தான் அரசுத் திட்டத்தில் புதியது அதன் இடத்தில் வந்திருக்கிறது. ஆகவே, "டி.டி. போட்டாயிற்று" என்று திருப்தி அடையாமல், "இதில் டிப்தீரியா மருந்து இருக்கிறதா?" என்று கேட்டுவிடவேண்டும். பெரியவர்கள் பத்து ஆண்டுக்கு ஒருமுறை இதைப் போட்டுக்கொள்வது பல நாடுகளில் வழக்கம். காயத்துக்கு ஊசி போடப் போகும்போது இதையே கேட்டு வாங்கினால் ஒரே குத்தில் இரண்டு காரியம் ஆகிவிடும்.

ஒன்றரை வயது, ஐந்து வயது, பத்து வயது, பதினாறு வயது: இந்த நான்கு நாட்களையும் வீட்டுக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் ரேஷன் கார்டு, ரயில் டிக்கெட்டோடு ஊசி அட்டையையும் பையில் வைத்துக்கொள்ளவேண்டும். அட்டை கையில் இல்லையே என்று கூச்சப்பட்டு ஊசியைத் தள்ளிப்போடுவதுதான் கூடாது. பக்கத்து சுகாதார நிலையத்தில் குழந்தையைக் காட்டி, எந்த ஊசி வரை போட்டது நினைவிருக்கிறதோ அதைச் சொன்னால், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.